அடையாறில் இடிந்தது ஒரு சுவர்தான்!

சாரணர் இயக்கத்தைப் புதுமைப்படுத்த வேண்டும் என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. நல்ல பேச்சுதான். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் எதைப் புதுமைப்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சீருடையை மாற்றலாம் என்பார் ஒருவர். பேட்ஜ் கணக்கையெல்லாம் கைப்பேசியில் ஏற்றலாம் என்பார் இன்னொருவர். விழாப் பந்தலை இன்னும் பெரிதாகப் போடலாம் என்பார் மூன்றாமவர். கூரை ஒழுகுகிற வீட்டுக்கு வாசலில் வர்ணம் அடிக்கச் சொல்லுகிற யோசனைகள் இவை.

நாம் கேட்கிற கேள்வி வேறு. இந்த இயக்கம் யாருடைய பிள்ளைகளுக்கு? மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் நொச்சிக்குப்பம். அடையாறு காந்தி நகரிலிருந்து கடலை நோக்கிப் போனால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் பகல் முழுதும் துணி விரித்துத் துணி மடிக்கிறார்கள் வாலிபர்களும் யுவதிகளும். கூடாரம் அடிக்கவும், முதலுதவி செய்யவும், கூட்டாக வாழவும் கற்றுத் தருகிற ஓர் இயக்கம் இவர்களுடைய வாசலுக்கு வருகிறதா? வந்தால் அதுதான் புதுமை. வராவிட்டால் எத்தனை வர்ணம் அடித்தாலும் பழைய கதைதான்.

இந்தக் கேள்வியை அடையாறை வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்தியப் பிள்ளைகளுக்குச் சாரணர் இயக்கம் மறுக்கப்பட்ட காலத்தில், அந்தத் தடையை மீறிக் காட்டிய இடங்களில் அடையாறும் ஒன்று. அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

வெள்ளைப் பையன்களுக்கு மட்டும்!

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் பேடன் பவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்தின்போது, 1899-1900இல் மாஃபெகிங் முற்றுகையில் பெயர் வாங்கியவர். ஏகாதிபத்தியத்தின் சேனாதிபதி. சாரணர் என்ற சொல்லுக்கே வேவு பார்ப்பவர் என்ற பொருள் உண்டு. சேனைக்கு முன்னே போய்ப் பாதை பார்த்து வருகிறவர்கள். இயக்கத்தின் பிறப்பில் ராணுவ வாடை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் முகாமில் சுமார் இருபது பையன்கள் இருந்தார்கள். பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே முகாமில் ஒன்றாகத் தங்கினார்கள். வர்க்க பேதம் ஊறிப்போன இங்கிலாந்தில் அது புதிது. 1908இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது.

இந்தியாவுக்கும் வந்தது. 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் என்பவர் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். யாருக்கு? ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும். இந்தியப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை! பிரிட்டிஷ் சர்க்காரின் பயம் அப்படி. காட்டில் வழி கண்டுபிடிக்கவும், அணியாக இயங்கவும், தலைவனைத் தாங்களே ஏற்று நடக்கவும் இந்தியப் பையன் கற்றுக்கொண்டால் நாளைக்கு அவன் புரட்சிக்காரன் ஆகிவிட மாட்டானா? கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தால் அந்தக் கயிறு யார் கழுத்துக்கு வருமோ என்று நடுங்கினார்கள் துரைமார்கள்.

தடையை நம்மவர்கள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் 1913இலேயே இந்தியப் பிள்ளைகளைத் திரட்டினார். மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் முயன்றார். மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோர் 1918இல் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள்.

சென்னையில் அந்த வேலையைச் செய்தவர் அன்னி பெசன்ட். 1917இல் ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் தலையில் இந்தியத் தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுயாட்சிக் கிளர்ச்சிக்காக அதே 1917 ஜூனில் பெசன்ட், அருண்டேல், பி.பி.வாடியா மூவரையும் சர்க்கார் காவலில் வைத்தது, செப்டம்பரில் விடுவித்தது, டிசம்பரில் பெசன்ட் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே வாடியாதான் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளிகளைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார்.

ஆக, வெள்ளைத் தோல் என்ற சுவரை இடித்த இடங்களில் ஒன்று அடையாறு. இந்தப் பெருமையை அடையாறுக்குக் கொடுப்பதில் நமக்கு எந்தக் கஞ்சத்தனமும் கிடையாது.

இடியாமல் நின்ற சுவர்

ஆனால் பெருமையைச் சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்த முடியாது.

அதே அடையாறில், ஊரூரில், 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். பிரம்மஞான சபையில் ஆல்காட்டுக்குப் பின் தலைமைக்கு வந்தவர் பெசன்ட். அவர் 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' பத்திரிகையில் என்ன எழுதினார்? தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும். ஆனால் மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அவர்களை உட்கார வைக்கலாகாது. சில தலைமுறைகள் சுத்தமான உணவும் சுத்தமான வாழ்வும் கிடைத்த பிறகுதான் அது ஆகும் என்ற கருத்தில் எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக் காட்டி நாட்டுக்குச் சொன்னார்.

பாருங்கள் இந்த விசித்திரத்தை! வெள்ளைப் பிள்ளையோடு இந்தியப் பிள்ளை சமமாக நிற்க வேண்டும் என்பதற்குச் சங்கம் கண்டவர், இந்தியப் பிள்ளையோடு இந்தியப் பிள்ளை சமமாக உட்காருவதற்குச் சில தலைமுறை தவணை கேட்டார். அடையாறில் இடிந்தது ஒரு சுவர்தான். உள்ளே இருந்த சுவர் அப்படியே நின்றது.

இடித்த சுவர் விஷயத்திலும் சமரசம் வந்தது. 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். பெசன்ட்டின் சங்கம் அவருடைய ஸ்தாபனத்தோடு இணைந்தது. அந்த ஸ்தாபனத்தின் உறுதிமொழியில் கடவுளுக்கும் மன்னருக்கும் கடமை செய்வேன் என்று இருந்தது. ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் குலுக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது! சேவா சமிதிக்காரர்கள் இணையாமல் வெளியே நின்றார்கள். 1937இல் மறுபடியும் வந்த பேடன் பவல் இந்தியரின் குணத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் கொதிப்பைக் கிளப்பின. 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகு எல்லாம் ஒன்றாயின. 1950 நவம்பர் 7ஆம் தேதி பாரத சாரண சாரணியர் ஸ்தாபனம் உருவாயிற்று. அந்தத் தேதி நம் வாசகர்களுக்கு வேறொரு காரணத்துக்காகவும் ஞாபகம் இருக்கும்! 1951 ஆகஸ்ட் 15இல் பெண் பிள்ளைகளின் சாரணியர் இயக்கமும் இதில் சேர்ந்தது. சட்டப்படி இன்று எந்தப் பிள்ளைக்கும் தடை கிடையாது. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை.

அப்படியானால் சுவர் எங்கே என்கிறீர்களா? அது இப்போது எழுத்தில் இல்லை. காசில் இருக்கிறது, நேரத்தில் இருக்கிறது, இடத்தில் இருக்கிறது.

காசு, நேரம், இடம்

சாரணனாக வேண்டுமானால் தனிச் சீருடை வேண்டும். கழுத்துத் துண்டு, தொப்பி, பெல்ட், காலணி, பேட்ஜ் வேண்டும். முகாமுக்குப் போக ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு. வசதியுள்ள வீட்டுக்கு இது ஒரு நாள் உணவு விடுதிச் செலவு. மீன் கூடை தூக்குகிற தாய்க்கு, வீட்டு வேலை செய்கிற தாய்க்கு, இது மாத பட்ஜெட்டில் விழுகிற ஓட்டை. சாரணர் விதிகளில் ஒன்று சிக்கனமாக இருக்கச் சொல்கிறது. நொச்சிக்குப்பத்துப் பிள்ளைக்குச் சிக்கனம் கற்றுக் கொடுக்க லண்டனிலிருந்து புத்தகம் வர வேண்டுமா? அவன் தாய் கொடுக்கிற பயிற்சி போதாதா?

அடுத்தது நேரம். பள்ளி விட்ட பிறகும் சனி ஞாயிறுகளிலும்தான் பயிற்சி. அந்த நேரத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணும், அப்பாவோடு வலை பிரிக்கிற பையனும், கடைக்கு ஒத்தாசைக்குப் போகிற பையனும் வர முடிவதில்லை. வராதவனை ஒழுங்கில்லாதவன் என்று பெயர் நீக்கிவிட்டால் கணக்கு முடிந்தது.

மூன்றாவது இடம். அடையாற்றங்கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டிருந்த ஜனங்களை ஆண்டுக்கணக்காகப் பிடுங்கி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே நட்டிருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மயிலாப்பூரிலும் சைதாப்பேட்டையிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் பள்ளி போயிற்று, மைதானம் போயிற்று, நண்பர்கள் போனார்கள். பள்ளியை ஒட்டி நடக்கிற சாரணர் படையில் அந்தப் பிள்ளைக்கு எங்கே இடம்?

சர்க்கார் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சாரணர் படை நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாடச் சுமைக்கும் தேர்வுச் சுமைக்கும் மேல் இந்தச் சுமையையும் தாங்குகிறவர்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களைத் தனியாகத் தவிக்க விட்டிருக்கிற ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறோம்.

"இதெல்லாம் பொழுதுபோக்குச் சமாசாரம், ஏழைக்கு முதலில் சோறு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். இந்திய ரயில்வேயில் சாரண சாரணியர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயும் எடுக்கிறது. அதற்குக் கல்வித் தகுதி மட்டும் போதாது. குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்ந்த தகுதி வேண்டும். பல ஆண்டுகள் இயக்கத்தில் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். தேசிய மட்டத்திலும் மாநில மட்டத்திலும் முகாம்களில் கலந்துகொண்டிருக்க வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முகாமுக்குப் போகக் காசில்லாத பிள்ளைக்கு முகாம் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவனுக்கு விருது இல்லை. விருது இல்லாதவனுக்கு ரயில்வே வேலை இல்லை. பத்து வயதில் ஒரு கழுத்துத் துண்டு வாங்க முடியாமற் போனவன், இருபது வயதில் ஒரு சர்க்கார் உத்தியோகத்தை இழக்கிறான். இதுவா பொழுதுபோக்கு? இது சோற்றுப் பிரச்னை!

யார் தயாராக இருந்தார்கள்?

"தயாராக இரு" என்பது சாரணர் இயக்கத்தின் மூல மந்திரம். நல்ல மந்திரம். அதை உரைகல்லாக வைத்தே சென்னையை உரசிப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26. சுனாமி. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் கரையோரக் குப்பங்களிலும் அலை மனிதர்களை வாரிக்கொண்டு போயிற்று. முதலில் ஓடி வந்து உடல்களைத் தூக்கியதும், உயிர் இருந்தவர்களை இழுத்ததும் குப்பத்து ஜனங்களே.

2015 டிசம்பர் 1, 2. அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரம் மூழ்கிற்று. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை மூழ்கின. காரும் பங்களாவும் வைத்திருந்தவர்கள் மொட்டை மாடியில் நின்று கையசைத்தார்கள். படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர்களை மீட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் யார்? கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் முழுக வைத்தபோதும் படகோடு வந்தவர்கள் அவர்கள்தான்.

இவர்கள் கழுத்தில் துண்டு இல்லை. சட்டையில் பேட்ஜ் இல்லை. ஆனால் தயாராக இருந்தவர்கள் இவர்கள். எந்தக் காற்று எப்போது திரும்பும், வாடை எப்படி வீசும், கச்சான் எப்படி வீசும், முகத்துவாரத்தில் தண்ணீர் எங்கே சுழிக்கும், நனைந்த கயிற்றில் எந்த முடிச்சு நழுவாது என்று இவர்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். நகரத்துப் பையன் மூன்று ஆண்டுகள் படித்து வாங்குகிற பேட்ஜுக்கான வித்தையில் பாதி, இந்தப் பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே குப்பத்துப் பிள்ளைக்கு இடம் கேட்பது தருமம் கேட்பதல்ல. அவன் வந்தால் இயக்கம்தான் கற்றுக்கொள்ளும். கடல் பேட்ஜுக்குப் பரீட்சை வைக்கிற நாற்காலியில் ஒரு மீனவரை உட்கார வையுங்கள். வெள்ளப் பயிற்சிக்கு 2015இல் படகு தள்ளியவரை ஆசிரியராகக் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு பாருங்கள், பாடத்திட்டம் புதுமையாகிறதா இல்லையா என்று!

பயிற்சி மண்ணையும் வானத்தையும் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சாட்சி பார்த்தது. 2023 ஆகஸ்டில் தென் கொரியாவின் சேமான்கும் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருந்திரள் கூடியது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். கடலைத் தூர்த்து எடுத்த நிழலில்லாத நிலம். கடும் வெயிலில் பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். பிரிட்டிஷ், அமெரிக்க அணிகள் நடுவிலேயே வெளியேறின. பிறகு புயல் வருகிறதென்று எல்லோரையும் அப்புறப்படுத்தினார்கள். தயாராக இருக்கச் சொல்லித் தருகிற ஸ்தாபனத்தின் முகாமே தயாராக இல்லை. கடலைத் தூர்ப்பதும் ஏரியைத் தூர்ப்பதும் நமக்குப் புதிய விஷயமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படிச் சுருங்கிற்று என்பதைச் சாரணப் பிள்ளை நடந்து பார்த்து, அளந்து, வரைபடம் போட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.

உறுதிமொழியில் யாருக்கு இடம்?

உள்ளே வந்த பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பது அடுத்த விஷயம்.

இன்றைய உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை ஆற்றுவதாகப் பிள்ளை சொல்கிறது. கடவுள் என்ற சொல் வேண்டாமென்றால் தர்மம் என்று சொல்லலாம் என்று ஸ்தாபனமே வழி வைத்திருக்கிறது. ஆனால் தர்மம் என்ற சொல்லின் பெயரால்தானே இந்த நாட்டில் மனிதனை மனிதன் தொடக்கூடாது என்றார்கள்? பெரியார் பிறந்த மண்ணில் கடவுளை ஏற்காத வீடுகள் ஆயிரமாயிரம். அந்த வீட்டுப் பிள்ளை, பொய் சொல்லி உறுதிமொழி எடுத்து, அடுத்த நிமிஷம் நம்பிக்கைக்குரியவனாக இருப்பேன் என்று விதி ஒப்பிக்க வேண்டுமா? பிரிட்டனிலேயே 2014 முதல், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று தனி உறுதிமொழி வந்துவிட்டது. கடவுளைச் சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். விரும்பாதவர் நாட்டு மக்களுக்கும் அரசியல் சட்டத்துக்கும் உறுதி சொல்லட்டும். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976 முதல் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதே!

பெண் பிள்ளைகள் விஷயம். 1951 முதல் ஒரே கூரை. ஆனால் சாரணர் ஒரு பிரிவு, சாரணியர் ஒரு பிரிவு. தனிப் பயிற்சி விரும்புகிற பெண்ணுக்கு அது இருக்கட்டும். பையன்களோடு சேர்ந்து மலை ஏறவும் படகு விடவும் விரும்புகிற பெண்ணை ஏன் தடுக்க வேண்டும்? திருநர் பிள்ளையை எந்தப் பக்கம் நிறுத்தப் போகிறீர்கள்? திருநங்கைகளுக்கு 2008இலேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2014இல் உச்ச நீதிமன்றமும் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துவிட்டது. இரண்டு வரிசை மட்டும் போட்டுவிட்டு உலகம் முடிந்தது என்று சொல்ல முடியாது.

அடையாறில் செவித்திறன், பார்வைத்திறன் இல்லாத பிள்ளைகளுக்கான செயின்ட் லூயி பள்ளி இருக்கிறது. மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி இருக்கிறது. மற்றப் பள்ளிச் சாரணர்கள் அங்கே விழா நாளில் போய் இனிப்புக் கொடுத்துவிட்டு வருவது சேவை அல்ல. சைகை மொழி பேட்ஜ் ஒன்று வையுங்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியராக நிற்கட்டும். மற்றவர்கள் மாணாக்கராக உட்காரட்டும்.

"அரசியலைக் கொண்டு வராதீர்கள்!"

இவ்வளவும் சொன்னால் கனவான்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "குழந்தைகள் இயக்கத்தில் அரசியல் எதற்கு?" என்பார்கள்.

அப்படியா? இந்தியப் பிள்ளையைச் சேர்க்காதே என்று 1909இல் சொன்னது அரசியல் இல்லையா? மன்னருக்குக் கடமை செய் என்றது அரசியல் இல்லையா? சற்றே கிட்டத்துக்கு வருவோம். 2017 செப்டம்பரில் தமிழ்நாடு பாரத சாரண சாரணியர் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. அதில் போட்டியிட்டவர் யார்? அப்போது பாரதிய ஜனதா கட்சியின் தேசியச் செயலாளராக இருந்த எச்.ராஜா! கல்வித் துறையில் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவரைத் தோற்கடித்தார். சீருடை போட்டு அணிவகுக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் என்றால் யாருக்கு நாக்கு ஊறும் என்பதை அந்தத் தேர்தல் காட்டிக் கொடுத்தது. வாசலை ஏழைக்குத் திறந்து வைக்காத வீட்டில், கொல்லைப்புறமாக யார் நுழைவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அது நம் நண்பர்கள் குரல். "இது வெள்ளைக்காரன் சரக்கு, ராணுவச் சரக்கு, தூக்கி எறியுங்கள்" என்பார்கள். நண்பர்களே, கூடாரமும் கயிறும் ஏகாதிபத்தியத்தின் சொத்தல்ல. 1922இல் சோவியத் நாட்டில் இளம் முன்னோடிகள் இயக்கம் பிறந்தபோது, சாரணரின் "தயாராக இரு" என்ற அழைப்பையே எடுத்து, "எப்போதும் தயார்" என்று பதில் சொல்ல வைத்தார்கள். 1925இல் இங்கிலாந்தில் கூட்டுறவு இயக்கத்தார் பேடன் பவலின் ராணுவ வாடை பிடிக்காமல், ஆணும் பெண்ணும் சேர்ந்து முகாமிடுகிற 'வுட்கிராஃப்ட் ஃபோக்' என்ற இயக்கத்தைக் கண்டார்கள். தொழிலாளிகள் நல்ல கருவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். குப்பையில் போட மாட்டார்கள்.

மாறாமல் அடம் பிடித்தால் என்ன கதி என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே பல பத்தாண்டுகளாகப் பெண்ணுக்கு இடமில்லை, தன்பால் ஈர்ப்புள்ளவருக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தி வைத்தார்கள். ஒழுக்கம் ஒழுக்கம் என்று உரக்கப் பேசினார்கள். உள்ளே நடந்தது என்ன? பிள்ளைகளைப் பெரியவர்கள் பாலியல் கொடுமை செய்த புகார்கள் 82,000க்கு மேல் குவிந்தன! 2020 பிப்ரவரியில் அந்த ஸ்தாபனம் திவால் மனு கொடுத்தது.  பெண்களை அதற்கு முன்பே சேர்க்கத் தொடங்கியிருந்தவர்கள், 2025 பிப்ரவரியில் பெயரிலிருந்தே "பையன்கள்" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நமக்குப் பாடம் என்ன? புதுமையின் முதல் விதி பிள்ளையின் பாதுகாப்பு. 2012இல் வந்த போக்சோ சட்டத்தை முகாமுக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்பது கூடாரத்திலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் பாரத சாரண சாரணியரின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. பல மாநிலப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சர்க்கார் தாராளமாகத் துணை நின்றது. மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்த மனம் பந்தலோடு நிற்காமல் குப்பத்துக்கும் வரட்டும். நாம் கேட்பது இவை:

ஒன்று: சாரணச் சீருடை இலவசம். சத்துணவுப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருகிற மாநிலம் இது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. ஐந்தாவது செட்டாகச் சாரணச் சீருடையையும் அவர்களே தைக்கட்டும். தைப்பவருக்குக் கூலி, பிள்ளைக்குச் சட்டை.

இரண்டு: முகாம் செலவு முழுவதும் சர்க்கார் பொறுப்பு. ரயில்வே ஒதுக்கீட்டுக்குக் கணக்காகும் முகாம்களில் எந்தப் பிள்ளையும் காசில்லாமல் விடுபடக் கூடாது.

மூன்று: பள்ளியைச் சாராத திறந்த படைகளுக்குச் சாரணர் அமைப்பில் இடம் உண்டு. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அவற்றைத் தொடங்குங்கள். வேலை செய்கிற வாலிபருக்கு இரவு நேரப் படை, விடுமுறை நாள் படை அமையுங்கள்.

நான்கு: பாடத்திட்டத்தில் வெள்ளமும் வெயிலும் வரட்டும்; தொழிலாளர் உரிமையும் வரட்டும். கடை ஊழியருக்கு உட்காரும் உரிமையை 2021இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. அந்தச் சட்டம் ரங்கநாதன் தெருவில் அமலாகிறதா என்று சாரணப் பிள்ளைகள் போய்ப் பார்த்துக் குறிப்பெழுதட்டும். மற்றவர்க்கு உதவுதல் என்பது கிழவியின் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைப்பதோடு முடிந்துவிடுமா?

ஐந்து: கடவுளைச் சொல்லாத உறுதிமொழிக்கும், ஆண் பெண் திருநர் சேர்ந்த படைக்கும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் விதியிலேயே இடம் வேண்டும்.

"இதற்கெல்லாம் பணம்?" என்று கேட்பார்கள். தியாகராய நகர் யார் பெயரால் வழங்குகிறதோ, அந்தப் பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கியபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு வா என்று சொன்னால் போதாது. அவன் வருவதற்கு வழி செய்ய வேண்டும் என்பதை இந்த நகரம் நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. சோற்றுக்குப் பொருந்திய நியாயம் சாரணத்துக்குப் பொருந்தாதா?

பெற்றோர் ஆசிரியர் கழகங்களில், வட்டாரக் கல்வி அலுவலகங்களில், வார்டு கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். உங்கள் வட்டாரப் பள்ளியில் படை இருக்கிறதா, அதில் யார் பிள்ளைகள் இருக்கிறார்கள், யார் பிள்ளைகள் இல்லை என்று கணக்கெடுங்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்த வெள்ளம் தேதி சொல்லிக்கொண்டு வரப் போவதில்லை. அது வரும்போது கோட்டூர்புரத்துப் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் ஒரே படையில் ஒரே கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு இன்றைக்கே சேர்க்க வேண்டும். 1917இல் ஒரு சுவர் இடிந்தது. மிச்சச் சுவரை இடிப்பது நம் வேலை!